அனுமதி கேட்ட மாப்பிள்ளை

திருகோணமலைத் துறைமுகப் பக்கம், படையினருக்கான மருத்துவ மண்டபத்தில், மாதத்தில் ஒருநாள் பரம்பரை நோய்களுக்கான ஆலோசனை நடக்கும். கொழும்பிலிருந்து ஒரு டொக்டர் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் ஊர் ஆஸ்பத்திரியில் தாதி. அனுராதபுரத்தில் பயிற்சி எடுத்ததால் சிங்களம் நன்றாக வரும். அதனால் அந்த ஒருநாள் மட்டும் என்னை மொழிபெயர்ப்புக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் எதுவும் இருந்ததில்லை. அங்கே மின்விசிறி ஒழுங்காகச் சுற்றும், தேத்தண்ணி வாயில் வைக்கும்படி இருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் ஊராட்கள் டொக்டர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்பார்கள். வெளியே போய் இன்னும் நாலு பேரிடம் கேட்பார்கள். கடைசியில் தாங்கள் நினைத்ததைத்தான் செய்வார்கள். படையில் இருப்பவர்கள் அப்படியில்லை, சொன்னால் சொன்னதைச் செய்வார்கள். டொக்டர்மாருக்கு இது வசதியான குணம். இந்த ஆலோசனையில் மட்டும் அது உதவாது, ஏனென்றால் இங்கே டொக்டர் எதையும் செய்யச் சொல்லமாட்டார். உள்ளதை விளக்குவார், முடிவு உங்களுடையது என்பார். அந்த வேலையின் முறையே அதுதான்.

ஒருமுறை சீனன்குடா விமானப்படை முகாமிலிருந்து ஒருவன், தான் கட்டப்போகும் பெண்ணோடு வந்தான். அவன் சிங்களவன். அவள் கிளிவெட்டி ஊர்த் தமிழ்ப் பெண், திருகோணமலை நகரில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தாள். இரண்டு வீட்டாரும் குதித்து, அழுது, கடைசியில் களைத்துப்போய்ச் சம்மதித்திருந்தார்கள். அவனுடைய தமிழ் அரைகுறை. அவளுடைய சிங்களம் அதைவிட மோசம். இதை வைத்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்களைப் பிடித்தும் போனது.

முகாமில் நடந்த பரிசோதனையில் அவன் உடலில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கூறு இருப்பது தெரியவந்திருந்தது. அவளுடைய இரத்தத்தையும் பார்த்தார்கள். அவளுக்கும் இருந்தது. டொக்டர் நிதானமாகச் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். உங்கள் இருவருக்கும் நோய் இல்லை. ஆனால் உங்களுக்குப் பிள்ளை பிறந்தால், அது நோயோடு பிறக்க நாலில் ஒரு பங்கு இடமிருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே கணக்குத்தான். நோயோடு பிறந்த பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்றவேண்டிவரும். கட்டுவதா விடுவதா, கட்டினால் பிள்ளை பெறுவதா, தத்தெடுப்பதா என்பதை நீங்கள் இருவரும்தான் பேசி முடிவெடுக்கவேண்டும்.

அவன் கதிரையை விட்டு எழுந்து விறைப்பாக நின்றான். அப்படியென்றால் கலியாணம் கட்டலாமா, கூடாதா என்று சிங்களத்தில் கேட்டான். டொக்டர் மறுபடியும் விளக்கினார். அவன் மறுபடியும் அதையே கேட்டான். இன்னொரு தடவையும் விளக்கிவிட்டு டொக்டர் தண்ணீர் குடித்தார். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய் இருவரும் ஆறுதலாகக் கதைத்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பிவைத்தோம்.

அடுத்த மாதம் வந்தபோது அவன் முகம் தெளிந்திருந்தது. ஆள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான் என்று நினைத்தேன். அவன் செய்துவிட்டு வந்ததோ வேறு. படையில் இருப்பவர் கலியாணம் கட்ட மேலதிகாரியிடம் அனுமதி எடுக்கவேண்டும். மாப்பிள்ளை அந்த விண்ணப்பத்தோடு இரண்டு பேரின் இரத்த அறிக்கைகளையும் சேர்த்து, இவளைக் கட்டலாமா என்று முடிவு கேட்டு மேலே கொடுத்துவிட்டான். அது ஒவ்வொரு மேசையாக ஏறிப் போயிருக்கிறது. ஒவ்வொரு மேசையிலும் யாரோ வாசித்திருக்கிறார்கள். கிளிவெட்டிப் பெண்ணின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது முகாமின் குசினியில் சமைக்கிறவன்வரை தெரிந்துபோனது. கடைசியில் பெரிய அதிகாரி, இது மருத்துவ விடயம், டொக்டர் சொல்கிறபடி செய் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதுதான் வந்திருக்கிறேன் என்றான், ஒரு வேலையைச் சரியாக முடித்தவனைப் போல.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவன் கெட்டவன் இல்லை, அதுவும் எனக்குத் தெரிந்தது. எதையும் ஒளிக்கவில்லை, சொல்லாமல் கொள்ளாமல் ஓடவுமில்லை. மீசை வளர்ப்பதற்கும் வீட்டுக்குப் போவதற்கும் அனுமதி வாங்கியே வளர்ந்தவன், இதற்கும் வாங்கப் போயிருக்கிறான்.

நான் அவளிடம் கேட்டேன். "உங்களோட இதைப்பற்றிக் கதைச்சவரோ?"

"இல்லை மிஸ்ஸி. மேல இருந்து பதில் வரட்டும், பொறுங்கோ எண்டவர்."

"கடையில ஆரும் ஏதும் கேட்டவையோ?"

"ஓம். முகாமில இருந்து சாமான் வாங்க வந்த ஒருத்தர் சுகமோ எண்டு கேட்டவர். என்ர முகத்தைப் பார்த்துக் கேக்கேல்லை."

டொக்டர் இம்முறை விளக்கப் போகவில்லை. அவளுடைய விருப்பம் என்ன என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். அவள் நிமிர்ந்து, அவனுக்குப் பிடிபடாத வேகத்தில் சொன்னாள்.

"மிஸ்ஸி, நான் சொல்லுறதை அப்பிடியே அவருக்குச் சிங்களத்தில சொல்லுங்கோ. உந்த இரத்த வருத்தத்துக்கு எனக்குப் பயமில்லை. பிள்ளையே வேண்டாம் எண்டாலும் சரி, எடுத்து வளப்பம் எண்டாலும் சரி, நான் அவரைக் கட்டத்தான் வந்தனான். ஆனா நாளைக்கு ஒரு இக்கட்டு வந்தா, அப்பவும் ஆரிட்டையோ கேட்டுப்போட்டு வாறன் எண்டு போவாரெண்டால் எனக்கு ஏலாது. இப்ப, இந்த இடத்தில, தன்ர வாயால சொல்லட்டும். என்னைக் கட்டுறாரோ, இல்லையோ?"

ஒரு சொல்லையும் மழுப்பாமல் நான் சிங்களத்தில் சொன்னேன். மொழிபெயர்க்கிறவள் ஒரு பக்கம் சாயக்கூடாது, ஆனால் ஓம் என்று சொல்லித் தொலையேன் என்று எனக்குள்ளே கத்திக்கொண்டுதான் சொன்னேன். அவன் முழுவதையும் கவனமாகக் கேட்டான். அவன் கண்கள் கலங்கியதையும் கண்டேன். அவள் அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவன் திரும்பி டொக்டரைப் பார்த்தான்.