ஓர் எண்ணை மாற்றப் போய்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவள் புஷ்பவள்ளி. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மூத்த மகள். கடலூரில் படித்தாள், சென்னையில் சில வருடங்கள் ஜாவா நிரல் எழுதினாள், மின்வாரியத்தில் இருக்கும் கதிரவனைக் கட்டிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டாள். சிதம்பரம் மேல வீதியில், பாத்திரக் கடை மாடியில் லூர்துசாமி நடத்தும் சின்னக் கம்பெனியில் நிரல் வேலை முழுக்க அவள் தலையில்தான்.

பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து இறால் பண்ணைகளுக்கு அவர்கள் கணினிப் பெட்டி வைத்துக் கொடுத்திருந்தார்கள். குட்டைத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் பெட்டியே ஏரேட்டரை ஓட்டிக் காற்றைக் கலக்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டரையும் அதுவே கிளப்பிவிடும். எந்த அளவுக்குக் கீழே போனால் என்ன செய்வது என்கிற விவரமெல்லாம் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு ஜேசன் கோப்பில் இருக்கும். ஒரு பெயர், அதற்கு நேரே ஒரு மதிப்பு, அவ்வளவுதான். புஷ்பவள்ளியின் நிரல் அலுவலகத்திலிருந்தே அந்தக் கோப்பைப் படித்து, வேண்டியதை மாற்றி, திரும்ப எழுதிவிடும்.

அன்று கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீர் சூடாவதால் ஆக்சிஜன் அளவைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல்லிப் பண்ணைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். மத்தியானம் ஒன்பது பண்ணைகளில் அந்த ஓர் எண்ணை மாற்றினாள். கிள்ளையில் ஒரு பண்ணைக்கு மட்டும் சிக்னல் கிடைக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சாயங்காலம் பஸ் ஏறிவிட்டாள்.

பி.முட்லூர் தாண்டியதும் கிழக்கே வானம் கறுத்தது. காற்று பஸ்ஸுக்குள் மண்ணை வாரி இறைத்தது. அப்போதுதான் போன் வந்தது. பரங்கிப்பேட்டையில் சுப்புராயன் பண்ணையின் மேற்பார்வையாளர் கலியமூர்த்தி.

"மேடம், கரண்ட் போயிடுச்சி. ஜெனரேட்டரு எடுக்கல. ஏரேட்டர் அத்தனையும் நின்னு கெடக்குது. எறா மூச்சு முட்டி மேல வந்துட்டிருக்கு மேடம்!"

"கையால ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே. ஆட்டோன்னு இருக்கிற சுவிட்ச மேனுவலுக்குத் திருப்புங்க."

"அந்த ரூம் பூட்டியிருக்கு. சாவி மொதலாளிகிட்ட. அவரு திருவந்திபுரத்துல ஒரு கல்யாணத்துல இருக்காரு."

"பூட்ட ஒடைங்க."

"ஒடைக்கவா?"

"ஒடைங்கண்ணே. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. பெஞ்சில் மடிக்கணினியை விரித்து, போன் இணைப்பிலேயே சுப்புராயன் பண்ணைப் பெட்டியோடு இணைந்தாள். பெட்டிக்குப் பேட்டரி இருந்ததால் அது விழித்துக்கொண்டுதான் இருந்தது. கோப்பைத் திறந்தாள். அவள் மாற்றிய எண் சரியாக இருந்தது. ஆனால் கோப்பு சுருங்கிப்போயிருந்தது. ஜெனரேட்டர் என்ற பேச்சே அதில் இல்லை.

மத்தியானம் விட்டுப்போன கிள்ளைப் பண்ணையின் பெட்டியை இணைத்துப் பார்த்தாள். நல்ல வேளை, இப்போது சிக்னல் இருந்தது. அந்தக் கோப்பின் கடைசியில் ஜெனரேட்டருக்கென்று ஒரு பகுதி முழுசாக இருந்தது. பெட்டி செய்கிறவர்கள் போன மாதம் புதிதாகச் சேர்த்தது.

எப்படி நடந்தது என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கோப்பில் என்னென்ன பெயர்கள் வரும் என்று அவள் ஜாவாவில் முன்னமே வரையறுத்து வைத்திருந்தாள். அதில் இல்லாத பெயர் வந்தால் நிரல் முரண்டு பிடித்து நின்றுவிடும். அந்தத் தொல்லை பொறுக்காமல், தெரியாத பெயர் வந்தால் கண்டுகொள்ளாதே என்று போன வருடம் அவளே ஒரு வரி சேர்த்திருந்தாள். நிரலும் சொன்ன பேச்சைக் கேட்டது. தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டது, திரும்ப எழுதும்போது அதை மட்டும் எழுதியது. ஜெனரேட்டர் பகுதி சத்தமில்லாமல் காணாமல் போனது. சுப்புராயன் பண்ணையில் மட்டுமா, ஒன்பதிலும்.

கதிரவனுக்குப் போன் போட்டாள். அவன் துணைமின் நிலையத்தில் பணியில் இருந்தான்.

"காத்து ஜாஸ்தியா இருக்கு புஷ்பா. கிள்ளை லைனையும் இப்ப கட் பண்ணப் போறாங்க."

"கொஞ்சம் நேரம் தள்ளிப்போட முடியாதா?"

"கம்பி அறுந்து ஒருத்தன் மேல விழுந்தா? நான் எப்பிடி சொல்லுவேன்?"

அவன் சொல்வது நியாயம்தான்.

அடுத்து லூர்துசாமி. விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. "மத்தவங்ககிட்ட எதுவும் சொல்லாத. நீ நைசா சரி பண்ணிடு. தெரிஞ்சா ஒருத்தனும் நம்ம பெட்டிய வெச்சிக்க மாட்டான்."

"சரி பண்றதுக்குள்ள கரண்ட் போச்சின்னா சார்?"

"போகாதும்மா."

"போகுது சார். இப்பதான் கேட்டேன்."

அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். சுப்புராயன் பண்ணையை விட்டால் இன்னும் எட்டு, எல்லாமே கிள்ளை லைனில். ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். எல்லாரிடமும் ஒரே பேச்சு: "என் பக்கம் தப்பு நடந்துபோச்சுங்க. கரண்ட் போனா ஜெனரேட்டரு தானா எடுக்காது. ஆளக் கிட்டவே நிக்க வைங்க." ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். ஒருவர் காரணம் கேட்டு இழுத்தார். "அப்புறம் சொல்றேங்க, மொதல்ல ஆள அனுப்புங்க" என்று கெஞ்சினாள். ஒரு பண்ணையில் மட்டும் யாரும் போனை எடுக்கவில்லை.

மழை தகரக் கூரையில் சடசடவென்று இறங்கியது. டீக்கடைக்கார அம்மாள் கேட்காமலேயே பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டாள்.

நிரலில் அந்த ஒரு வரியை எடுத்தால் போதாது. கோப்பைத் தான் வரையறுத்த அச்சுக்குள் ஊற்றாமல், வந்தது வந்தபடி மரம் மாதிரி கிளைகளோடு படித்து, வேண்டிய கிளையில் மட்டும் கை வைத்து, மற்றதைத் தொடாமல் திரும்ப எழுத வேண்டும். அதைத்தான் எழுதினாள். இரண்டு முறை பிழை விழுந்தது. கிள்ளைக் கோப்பிலிருந்து ஜெனரேட்டர் பகுதியை எடுத்து, முதலில் ஒரே ஒரு பண்ணைக்கு எழுதினாள். எழுதியதைத் திரும்பப் படித்து, வரிவரியாகப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. பிறகுதான் மற்றவற்றுக்குப் போனாள்.

பாதியிலேயே டீக்கடை விளக்கு அணைந்தது. கிள்ளைப் பக்கமும் கரண்ட் போயிருக்கும். சரி செய்த இடத்தில் தானாகவும் மற்ற இடத்தில் ஆள் கையாலும், ஒவ்வொரு பண்ணையாக ஜெனரேட்டர் ஓடுவதாகத் திரை காட்டியது. போன் எடுக்காத அந்தப் பண்ணை மட்டும் இணைப்புக்கே வரவில்லை. அவள் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பண்ணைக்காரரே கூப்பிட்டார். "டவர் இல்ல, அதான் எடுக்கல. கரண்ட் போனதும் நாங்களே போட்டுட்டோம். எதுக்கு இத்தினி தடவ கூப்புட்டிருக்க?"

அழுகை வந்தது.

மறுநாள் சுப்புராயன் பண்ணைக்குப் போனாள். பூட்டை உடைத்து ஜெனரேட்டரைப் போட்டதில் ஒரு குட்டை பிழைத்திருந்தது. இன்னொன்றில் செத்த இறாலைக் கூடை கூடையாக அள்ளிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சுப்புராயன் கல்யாணத்துக்குக் கட்டிய வேட்டியோடேயே நின்றார்.

"பூட்ட ஒடைக்கச் சொன்னது நீதானா?"

"ஆமாங்க. தப்பும் என்னுதுதாங்க."

"சாவிய நான் எடுத்துட்டுப் போனது?" என்றார், அவளைப் பார்க்காமல். அன்றைக்கே பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டார். லூர்துசாமி ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் பயந்த மாதிரி மற்ற எட்டுப் பேரில் யாரும் பெட்டியைக் கழற்றவில்லை.

அடுத்த பருவத்துக்கு இறால் குஞ்சு விடும்போது சுப்புராயனே கூப்பிட்டார். "பெட்டிய மாட்டு. ஆனா நீ எதையாவது மாத்தற அன்னிக்கு ஆபீஸ்ல ஒக்காந்து மாத்தாத. இங்க வந்து நின்னு மாத்து."

இப்போது எந்தப் பண்ணையானாலும் அப்படித்தான். கோப்பில் ஓர் எண்ணை மாற்றினாலும், புஷ்பவள்ளி கரையில் நின்றுகொண்டு மெயினை இறக்கச் சொல்கிறாள். ஏரேட்டர்கள் ஓய்ந்து தண்ணீர் அடங்குகிற அந்தச் சில நொடிகளில் அவள் கண் ஜெனரேட்டர் ரூமை விட்டு நகராது. ஜெனரேட்டர் உறுமி, தண்ணீர் மறுபடி கலங்கிய பிறகுதான் மடிக்கணினியை மூடுவாள்.