காருக்கு வால் கட்டினேன்

ஐந்தாம் வகுப்பில் நான் இரண்டு வருடம் உட்கார்ந்தேன். மூன்றாவது வருடம் வாத்தியாரே, "ஏலே, நீ வீட்டுக்குப் போயிரு, எனக்கும் வயசாவுது" என்று அனுப்பிவிட்டார். அப்படிப்பட்டவன் காற்றை ஆராய்ச்சி செய்தேன் என்றால் இராஜபாளையத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் செய்தேன்.

பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் எனக்கு வேலை. மூன்று பேர் ஓட்டிக் கழித்த சின்னக் கார் ஒன்றை வாங்கினேன். என்ன கலர் என்று கேட்டால், எந்தக் கதவைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். இருந்தாலும் எங்கள் வம்சத்தில் நாலு சக்கரம் பார்த்த முதல் ஆள் நான். மாட்டு வண்டிக்குக்கூட இரண்டுதானே? ஆனால் அது குடித்த பெட்ரோலைப் பார்த்து என் மனைவி சொன்னாள்: "நீங்க குடிய விட்டீய, அது ஆரம்பிச்சிருச்சு."

அவள் தம்பி அடுத்த தெருவில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறான். அவன் கண்ணுக்கு என் கார் எப்போதும் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஒருநாள் டேங்க் குழாயைக் கழற்றி, சரியாக ஒரு லிட்டர் பிடித்த பாட்டிலில் மாட்டி, பானெட்டுக்குள் கட்டிவிட்டான். "ஸ்ரீவில்லிபுத்தூர் போயிட்டு வாரும் பாப்போம்" என்றான். போனேன். வரும்போது பாதி வழியில் நின்றுவிட்டது. மிச்சப் பாதியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

"மச்சான், பேசாம எனக்குக் குடுத்துரும். நாளைக்கே கட்டர் வச்சிருதேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆடி முடியதுக்குள்ள இதே ஒரு லிட்டர்ல போயிட்டு வந்து நம்ம வாசல்ல நிப்பாட்டுதேன் மாப்ள. இல்லைன்னா நீயே தூக்கிட்டுப் போ."

"அக்கா, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேன், கேட்டேன்" என்றாள் அவள். யார் பக்கம் என்று சொல்லவில்லை.

வழி காட்டியது ஒரு நூல். என் சட்டையில் எப்போதும் நூல் ஒட்டியிருக்கும். அதில் ஒன்று காரின் பின்கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டது. ஓட்டும்போது உள்கண்ணாடியில் பார்த்தேன். வண்டி முன்னால் போகிறது, நூல் பின்னால்தானே பறக்க வேண்டும்? அதுவும் முன்னால் பறந்தது. ஏதோ ஒன்று வண்டியின் முதுகைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறது என்று புரிந்தது. மைத்துனன் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால் காற்று.

மறுநாள் கார் முழுக்கச் சாண் சாணாக நூல் வெட்டி டேப்பால் ஒட்டினேன். நான் காரை ஓட்ட, மனைவி ஸ்கூட்டரில் பக்கத்திலேயே வந்து நூலைப் பார்த்தாள். அவள் பத்து வருடம் ஸ்பின்னிங் மில்லில் நின்றவள். நூறு கதிர் சுற்றுகிற இடத்தில் ஒரு இழை அறுந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பாள்.

நின்ற இடத்தில் டவுன் பஸ் கண்டக்டர் ஒருத்தர் எட்டிப் பார்த்து, "எந்தக் கோயிலுக்கு நேந்திருக்கீய?" என்றார்.

"பெட்ரோல் பங்க் சாமிக்கு" என்றாள் இவள்.

வீட்டுக்கு வந்து தீர்ப்புச் சொன்னாள். "மூஞ்சில நூலு படிஞ்சு கெடக்கு. சக்கரத்துகிட்ட துடிக்குது. பின்னால பேயாடுது. கண்ணாடிய எறக்குனா பக்கவாட்டுலயும் ஆடுது."

சக்கரம் நாலையும் தாம்பாளத்தால் மூடிக் கம்பியால் முடுக்கினேன். "அது எங்க அம்மா வீட்டுச் சீரு!" என்று கத்தினாள், ஆனால் கழற்றச் சொல்லவில்லை. வண்டியின் அடிவயிற்றில் காற்று முட்டாமல் இருக்கத் தகரம் அடித்து, அதன்மேல் மைத்துனன் மகளின் காதுகுத்து பிளக்ஸை இழுத்துக் கட்டினேன். மொத்தக் குடும்பமும் ரோட்டைப் பார்த்துச் சிரித்தது. எடை குறையட்டும் என்று உள்ளே பின் சீட்டையும் பக்கத்துச் சீட்டையும் கழற்றினேன். வாளி மாதிரி இருந்த ஸ்பீக்கர்களையும் எடுத்தேன். கதவுகளின் உள்பலகையைக் கழற்றிவிட்டு, அட்டையும் தெர்மாகோலும் வைத்துப் புது முகம் கொடுத்தேன்.

பின்னால் பேயாடுகிற காற்றுக்கு ஒரு வால் வேண்டும். மூங்கில் சிம்பில் கூடு கட்டி, கழிவுப் பேண்டேஜ் துணியைச் சுற்றி, மைதாப் பசை தடவி வெயிலில் காய வைத்தேன். வழுவழுவென்று அத்தனை அழகு. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வால் பாதிதான் இருந்தது. மீதியைத் தெரு மாடு மென்றுகொண்டிருந்தது. சுவரில் போஸ்டர் ஒட்டினால் மாடு தின்னும் என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. மைத்துனன் கடையைப் பூட்டிவிட்டு வந்து சிரித்தான்.

மனைவி சிரிக்கவில்லை. "மாடு திங்காத பசை இல்லையா?" என்றாள். அப்போதுதான் அவள் யார் பக்கம் என்று தெரிந்தது.

ரெசின் வாங்கி வந்தோம். நான் பூச, அவள் துணி சுற்றினாள். சுருக்கம் இல்லாமல் ஐந்து சுற்று. தெருவில் போன ஆச்சி ஒருத்தி நின்று, "காருக்கு எந்த எலும்புய்யா முறிஞ்சிருக்கு?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். மறுபடி நூல் ஒட்டி ஓட்டினோம். பக்கத்தில் வந்த மனைவி ஸ்கூட்டரிலிருந்து கையைத் தூக்கிக் காட்டினாள். பின்னால் நூல் எல்லாம் தலை வாரிவிட்டது மாதிரி நேராக நின்றது.

ஆடி கடைசி வாரம் மைத்துனன் தன் கையாலேயே ஒரு லிட்டர் கட்டிவிட்டு, "அக்கா, ஸ்கூட்டர்ல கூடவே போ, பொய் சொல்லாத" என்றான். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது காற்று முதுகைத் தள்ளியது. திரும்பும்போது அதே காற்று எதிரே வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. நூல் ஆடக் கூடாதே என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு, இட்லிக் கொப்பரைக்குள் இருப்பதுபோல இருந்தேன். போன தடவை நின்ற இடம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கார் பிடிக்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது.

எங்கள் வாசலில் வந்து நின்றேன். பானெட்டைத் திறந்தால் பாட்டிலில் விரல்கடை பெட்ரோல் மிச்சம். மனைவி அதை இரண்டு தடவை குனிந்து பார்த்தாள். "செயிச்சாச்சு. எறங்கி மோரு குடிங்க."

இறங்கியிருக்கலாம். நான் இறங்குகிற ஆளா? மைத்துனனுக்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்று ஹாரன் அடித்துக்கொண்டே அடுத்த தெருவுக்கு ஓட்டினேன். சரியாக அவன் கடை வாசலில், தராசுக்கு எதிரே, இன்ஜின் இரண்டு தும்மல் போட்டு நின்றது.

மைத்துனன் வெளியே வந்தான். "நான் தூக்க வேண்டாம்னு அதுவே வந்துருச்சு போல?"

பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்த மனைவி காலை ஊன்றினாள். "வாசல்ல வந்து நின்னதுக்கு நான் சாட்சி. ஏலே, இது செயிச்ச வண்டி. இந்த மனுசன் பெருமைக்கு ஓட்டிட்டு வந்தாரு. தள்ளு."

அவன் வாலைத் தொடப் பயந்தான். "ஒடிஞ்சிராதே?"

"அஞ்சு சுத்து. நான் சுத்துனது. தள்ளுலே."

தள்ளினான். வால் அசையவில்லை. நான் உள்ளே ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஊரிலேயே பெட்ரோல் இல்லாமல் ஓடுகிற முதல் காரில் வீட்டுக்குப் போனேன்.