பச்சைச் சுவரும் பச்சை வளையல்களும்

செங்கல்பட்டில் நான் வேலை செய்த உள்ளூர் கேபிள் சேனலில், வானிலைச் செய்தியை ஹெச்.டி.க்கு மாற்றப்போகிறோம் என்று ஓனர் சொன்ன அன்று நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். மதுராந்தகத்திலிருந்து தினமும் ரயில் பிடித்து வந்து, கல்யாண வாழ்த்துக்குப் பூ பறக்கவிடுவதும் பிறந்தநாள் குழந்தையின் தலையில் கிரீடம் ஒட்டுவதும்தான் அதுவரை என் வேலை. கிராபிக்ஸ் படித்துவிட்டு எத்தனை நாளைக்குக் கிரீடம் ஒட்டுவது?

எங்கள் வானிலை என்பது அப்போது சுவரில் மாட்டிய ஒரு ஃபிளெக்ஸ் வரைபடம். தெர்மாகோலில் வெட்டிய மேகம், தெர்மாகோல் சூரியன், பின்பக்கம் டேப். வானிலை வாசிக்கும் அக்கா மேகத்தை எடுத்து மாமல்லபுரத்தின் மேல் ஒட்டுவாள். ஏ.சி. குளிருக்கு டேப் விட்டுவிடும். ஒருமுறை "கனமழைக்கு வாய்ப்புள்ளது" என்று அவள் முடிப்பதற்குள் மேகம் பொத்தென்று கீழே விழுந்தது. கேமரா அண்ணன் சிரித்த சிரிப்பில் படமே ஆடியது. அக்கா முகம் மாறாமல் குனிந்து எடுத்து, "மேகம் தரையிறங்கியுள்ளது" என்று சொல்லி மறுபடி ஒட்டினாள்.

அவளுக்கு மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பம். மாமனார் இன்னும் கடலுக்குப் போகிறவர், வீட்டுக்காரர் ஹோட்டல் வேன் ஓட்டுகிறார். திரையில் சுத்தத் தமிழ் பேசுவாள். மைக்கைக் கழற்றிய மறுநொடி, "இன்னாடி, டீ சொன்னியா இல்லியா?" கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள்.

கணினியில் ஓடும் புது வரைபடத்தை நான் வெறி பிடித்தவள் போலச் செய்தேன். கொளவாய் ஏரி வெயிலில் மின்னும், பாலாறு வளைந்து வந்து கடலில் சேரும், மேகம் தன் நிழலோடு நகரும். அக்கா என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"எங்க குப்பத்து பேரு வருமாடி இதுல?"

"வரும்க்கா. கரையோரம் அத்தன குப்பமும் வரும்."

"எந்த டிவிலயும் எங்க பேர சொன்னதே இல்லடி. மொத நாளு நான்தான் நிப்பேன், சொல்லிட்டேன். வேற எவளயாச்சும் நிக்க வெச்ச, அவ்ளோதான்."

அந்த வாரம்தான் அவளுக்கு வளைகாப்பு. நாங்கள் எல்லோரும் குப்பத்துக்குப் போய், கலந்த சாதம் சாப்பிட்டு, சந்தனம் பூசி, வளையல் போட்டுவிட்டு வந்தோம். இரண்டு கையிலும் முழங்கை வரை சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். மறுநாள் வேலைக்கு வந்தவள் என் காதருகே கையை ஆட்டிக் காட்டினாள். "இந்த சத்தம் கேட்டா உள்ள ஒதைக்குதுடி. நிறுத்துனா அதுவும் நிறுத்திடுது. இப்பவே இன்னா தெளிவு பாரு!"

ஒத்திகை அன்று அவளைப் பச்சைச் சுவரின் முன்னால் நிறுத்தினோம். பச்சையாக இருப்பதையெல்லாம் கணினி அழித்துவிட்டு அந்த இடத்தில் வரைபடத்தைக் கொண்டுவந்து வைக்கும். அதனால் பச்சைச் சேலை கூடாது, ஜாக்கெட்டில் பச்சைக் கரை கூடாது என்றெல்லாம் சொல்லியிருந்தோம். வளையலை ஒருவரும் நினைக்கவில்லை. அக்கா கையைத் தூக்கினாள். திரையில் அவள் முன்கை துண்டு துண்டாகக் காணாமல் போய், அந்த இடைவெளிகளில் வங்கக்கடல் ஓடியது.

"யம்மா, உன் கை தனியா மிதந்துகினு கீது!" என்று கத்தினார் கேமரா அண்ணன். "கடல்ல கையத் தொலச்சிட்டியா?"

எல்லோரையும்விட அக்காதான் அதிகம் சிரித்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே அந்த மிதக்கும் கையால் எங்களுக்கு டாட்டா காட்டினாள்.

"சரிம்மா, அதக் கழட்டிட்டு வந்துடு" என்றார் ஓனர்.

சிரிப்பு நின்றது. மேக்கப் போடும் அம்மாதான் சொன்னார்: "சார், அது வளைகாப்பு வளையலு. கொழந்த பொறக்கறவரைக்கும் கழட்ட மாட்டாங்க."

"ஐயோ, அப்ப வேணாம்மா. தொடக்கத்துக்கு வேற பொண்ண வெச்சிக்கலாம். நீ நல்லபடியா பெத்துக்கினு வா."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. நான் விடவில்லை. கணினியில் பச்சையின் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன்; அக்காவின் கன்னம் பச்சை பூத்தது. முழுக்கை ஜாக்கெட் போட்டுப் பார்த்தோம். வளையல்கள் முட்டிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தன. பச்சைச் சுவருக்குப் பதில் நீலத் துணி கட்டலாம் என்று தாம்பரம் வரை ஆள் அனுப்பினோம்; அவ்வளவு அகலத்தில் கிடைக்கவில்லை. கடைசியில் அக்காவே எழுந்தாள்.

"பச்சைய மட்டும் எடுத்துடறேன். செவப்பு இருக்கட்டும். பாதி சத்தம் போதும் அதுக்கு."

கை வீங்கியிருந்தது. குழாயடியில் நின்று சோப்பு நுரையைத் தடவித் தடவி, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒன்றுகூட உடையக் கூடாது என்பதில் அத்தனை கவனம்.

தொடக்க நாளில் அவளைப் பார்த்திருக்க வேண்டும். மேகம் நகர நகர, அதைத் தானே இழுத்து வருகிறவள் போல நடந்தாள். குப்பத்தின் பெயர் வந்த இடத்தில் குரலை ஒரு இழை தாழ்த்தி, ஆசையோடு சொன்னாள். முடிந்ததும் பச்சை வளையல்களை மறுபடி போடப் பார்த்தோம். விரல் முட்டியைத் தாண்டவில்லை. கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பருவமழை தொடங்கிய பிறகு ஒரு காலையில், வயிற்றில் அசைவே இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெண் குழந்தை. உயிரில்லை.

நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்றார் டாக்டர். நான் எதையும் படித்துப் பார்க்கிறவள். ரயிலில் நின்றபடியே போனில் அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஏன் நடக்கிறது, யாருக்கு நடக்கிறது, எல்லாம். கண்ணாடி வளையலுக்கு அதில் இடமே இல்லை. அதை அக்காவிடம் சொல்லிவிட்டால் அவள் பாரம் குறையும் என்று நம்பித்தான் குப்பத்துக்குப் போனேன்.

அவள் மாமியார் என்னைத் திட்டவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தார். "டிவில அவ கையப் பாத்தப்பவே எனக்கு பகீர்னுச்சும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே அக்கா சுவரில் சாய்ந்திருந்தாள். கையில் ஒரு வளையலும் இல்லை. மார்பில் துண்டை அழுத்திக்கொண்டிருந்தாள். "பாலு கட்டிக்கினு வலிக்குதுடி. அதுக்கு யாரு சொல்றது, கொழந்த இல்லன்னு?"

நான் ஆரம்பித்தேன். "அக்கா, டாக்டர் சொன்னாரு இல்ல? நானும் படிச்சேன். இது யாருக்கு வேணாலும்…"

"தெரியும்டி. நானும் படிச்சவதான். வளையலுக்கும் கொழந்தைக்கும் இன்னா சம்பந்தம்? ஒண்ணும் கெடையாது. நாளு பூரா அதையேதான் எனக்கு நானே சொல்லிக்கினு கீறேன்."

துண்டை மடித்து மறுபடி அழுத்திக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"திடீர்னு பாதி சத்தம் நின்னு பூடுச்சே, அன்னிக்கு அது உள்ள இன்னா நெனச்சிருக்கும்?"

அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது சொன்னாள்: "இனிமே வராதடி. உம்மேல கோவம்லாம் இல்ல, சத்தியமா. உன்னப் பாத்தா அந்த ஸ்டூடியோ லைட்டுதான் கண்ணுக்கு வருது. நான் சிரிச்சிக்கினே கையாட்டுனது வருது."

மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். பூஞ்சேரி தாண்டும்போது ஓனர் கூப்பிட்டார்.

"பாத்தியாம்மா? எப்டி கீது? எப்ப வருதாம்?"

"வர மாட்டாங்க சார்."

தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கடல்ல காத்து ஏறுதுன்னு அறிக்கை வந்துருக்கும்மா. சாயங்காலம் யாராச்சும் சொல்லியாவணும். வேற பொண்ணு யாரும் கெடைக்கல. நீயே நின்னுடறியா?"

போக வேண்டாம் என்று யாராவது சொன்னால்தானே படகுகள் கரையிலேயே நிற்கும். அவள் மாமனாரின் படகும் அதில் ஒன்று.

"நிக்கறேன் சார்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. "எங்கம்மா எறங்கணும்?" என்று கண்டக்டர் கேட்டார், மறுபடியும் கேட்டார். ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.