சேணுயர்ந்த பால்கனி

கிள்ளான் வட்டாரத்துக் கோயில்களில் கும்பாபிஷேகம் என்றால் ஒலிபெருக்கிக்குப் பின்னால் பெரும்பாலும் நான் இருப்பேன். நேர்முக வர்ணனை என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, சால்வை உண்டு. யாகசாலையிலிருந்து குடங்கள் புறப்படுவது முதல் கோபுரக் கலசத்தில் நீர் விழுவது வரை, கடைசி வரிசையில் நிற்பவருக்கும் கண்ணால் பார்த்த மாதிரி இருக்கும்படி சொல்ல வேண்டும். அதுவும் நல்ல தமிழில் சொல்ல வேண்டும். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என்னிடம் ஒரு சொல் இருந்தது: சேணுயர்ந்த. பழைய அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 'சேண்' கண்ணில் பட்டது. தொலைவு, உயரம் என்று பொருள் போட்டிருந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்துத் தலை கிறுகிறுக்கும் உயரத்தைச் சொல்ல இதைவிட நல்ல சொல் கிடையாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். அன்றிலிருந்து நான் வர்ணித்த கோபுரமெல்லாம் சேணுயர்ந்த கோபுரம்தான். அவற்றில் பாதி, பக்கத்து வீட்டு மாடி ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் எட்டிவிடக்கூடியவை. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆசைப்பட்ட சொல் ஒன்று கையில் இருந்தால் சும்மா இருக்க முடிகிறதா? சுங்கை வே பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர்கீப்பர். ஒருநாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவரிடம், அந்தச் சேணுயர்ந்த ரேக்கிலிருந்து பெட்டியை இறக்குங்கள் என்றேன். அவர் வண்டியோடு ஸ்டோரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "அண்ணே, அந்தப் பேர்ல இங்க ரேக் இல்லலா" என்றார்.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். என் வாயிலிருந்து மனைவியின் வாய்க்குப் போனதும் அந்தச் சொல்லின் மானம் போயிற்று. "அந்த சேணுயர்ந்த அலமாரி மேலேருந்து மைலோ டின்ன எடுத்துக் குடுங்க." "உங்க சேணுயர்ந்த பிரஷருக்கு மாத்திரை போட்டாச்சா?" பாசாரிலிருந்து காய்கறி வாங்கி வந்தால் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முருங்கைக்காய்க்கும் அதே பட்டம்தான். அவள் முகத்தில் மட்டும் சிரிப்பே இருக்காது. நான்தான் சிரித்துத் தொலைப்பேன்.

பிறகு எங்கள் பழைய வரிசை வீடுகளை இடித்துவிட்டு அதே இடத்தில் கொண்டோ கட்டினார்கள். எங்களுக்குப் பதினேழாவது மாடி. நேர் கீழே, நாங்கள் எப்போதும் கும்பிடும் அம்மன் கோயில். குடிபோன அன்று பால்கனிக் கதவோரம் நின்று பார்த்தேன். மூன்று நிலைக் கோபுரம் கொழுக்கட்டை அளவில் கீழே கிடந்தது. கிள்ளான் ஆறு கண்ணுக்கு முழுசாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் துறைமுகத்துக் கிரேன்கள், அவற்றின் மேல் கறுத்துத் திரண்டு வரும் சாயங்கால மழை. மழை இன்னும் எங்களிடம் வரவில்லை, வருகிற வழி மட்டும் தெரிந்தது. நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். பயந்தேனா, வியந்தேனா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவளோ துணி காயப்போட்டுக்கொண்டே கீழே எட்டிப் பார்த்து அம்மனைக் கும்பிட்டாள். "இப்பதான் உங்க சொல்லு சரியான எடத்துக்கு வந்திருக்கு" என்றாள்.

அந்தப் பால்கனிதான் அவளுக்கு மூடிப்போயிற்று. ஒரு காலையில் அடுப்படியில் நின்றவள் அப்படியே சரிந்தாள். காதுக்குள் உடம்பை நிலையாக நிறுத்தும் ஏதோ ஒன்று கெட்டுவிட்டது என்றார் டாக்டர். மெல்லத்தான் சரியாகும், முழுசாகச் சரியாகாமலும் போகலாம் என்றார். அதன்பின் சுவரைத் தொடாமல் அவள் நடந்ததில்லை. லிஃப்ட் அசைந்தாலே வாந்தி வரும், அதனால் ஆஸ்பத்திரிக்குத் தவிர வேறு எதற்கும் இறங்கவில்லை. பால்கனித் திரையை இழுத்துவிட்டோம். துணி ஹாலில் காய்ந்தது.

ஒருநாள் கட்டிலில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டாள். "சேணுயர்ந்த கட்டில்லேருந்து எறங்கப் போறேன், கையக் குடுங்க." வழக்கம்போல முகத்தில் சிரிப்பில்லை. இந்த முறை எனக்கும் சிரிப்பு வரவில்லை. தரைக்கும் அவள் காலுக்கும் ஒரு முழம்கூட இருக்காது. ஆனால் அவள் தரையைப் பார்த்த பார்வை, நான் பால்கனியில் நின்று கோபுரத்தைப் பார்த்த அதே பார்வை. கால் வைக்க ஒவ்வொரு நாளும் இவ்வளவு துணிய வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது அவள்மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அன்பு இருந்தது, சண்டை இருந்தது, இது புதிது.

அப்போதுதான் எங்கள் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவது. "கலசத்துல தண்ணி விழறத ஒரு தடவ கண்ணால பாக்கணும். அடுத்த வாட்டி எப்படி இருப்பேனோ" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

கீழே அழைத்துப் போக வழியில்லை. பால்கனிதான் ஒரே வழி. தினமும் சாயங்காலம் திரையை விலக்கிப் பழகினோம். முதலில் கதவுவரை வந்தாள். பிறகு ஒரு கால் வெளியே வைத்தாள். ஒருநாள் கம்பிவரை போய் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தவள், விரல்களைப் பிரித்தெடுக்க முடியாமல் அழுதாள். நான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டு உள்ளே கூட்டி வந்தேன். கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் அவளே சொல்லிவிட்டாள்.

"வேணாங்க. நான் உள்ள உக்காந்து உங்க குரல கேட்டுக்கறேன். நல்லா சொல்லுங்க, பாத்த மாதிரியே இருக்கும்."

துணைக்கு ரவாங்கிலிருந்து அவள் தங்கை வந்திருந்தாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாள் கோயில் வாசலில் கழுத்து நீட்டிய கூட்டம். என் மேடைக்கு எதிரே கோபுரம், அதற்குப் பின்னால் எங்கள் கொண்டோ. நான் அன்று கூட்டத்துக்காகப் பேசவில்லை, மூடிய ஒரு திரைக்குப் பின்னால் இருப்பவளுக்காகப் பேசினேன். குருக்கள்மார் குடத்தைத் தலையில் சுமந்து சாரத்தின் படிகளில் ஏறுவதையும், நடுப்படியில் ஒருவர் நின்று மூச்சு வாங்குவதையும், கலசத்தில் கட்டிய வேப்பிலை காற்றில் ஆடுவதையும் சொன்னேன். கருடன் வருகிறதா என்று எல்லோரும் வானத்தைத் துழாவினார்கள். நானும் கலசத்துக்கு மேலே பார்வையை ஓட்டினேன். மாடி மாடியாகக் கண் ஏறிப் போய் ஓர் இடத்தில் நின்றுவிட்டது.

திரை விலகியிருந்தது. கம்பியை ஒட்டிக் கிளிப்பச்சைச் சேலை. பக்கத்தில் அவள் தங்கை இடுப்பைப் பிடித்திருந்தாள்.

அதற்குமுன் எவ்வளவோ உயரங்களைப் பார்த்திருக்கிறேன். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரங்களின் அடியில் வாயைப் பிளந்து நின்றிருக்கிறேன். அன்றைக்குப் போல உடம்பு சில்லிட்டதில்லை. வர்ணனை நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை. மேலே குருக்கள் குடத்தைச் சாய்த்தார். கூட்டம் ஓம் சக்தி என்று முழங்கியது. அவள் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றதையும் எடுத்தாள். இரண்டு கைகளும் தலைக்கு மேல் போய்க் கூப்பி நின்றன.

"ஏய், கம்பியப் புடி" என்றேன்.

மைக் என் வாயருகே இருந்தது. அத்தனை ஒலிபெருக்கியிலும் அது கேட்டது. கோபுரத்து மேலே நின்ற குருக்கள்மார் திடுக்கிட்டு ஆளுக்கொரு சாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். கீழே தடுப்போரம் நின்ற பெண்கள்கூடத் தடுப்பைப் பிடித்தார்கள்.

அவள் மட்டும் பிடிக்கவில்லை. தண்ணீர் கலசத்தில் வழிந்து ஓயும்வரை கைகளை இறக்கவே இல்லை.