அடுப்புப் பரணில் வைத்த ஊசி மருந்து

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னே சொல்ல வேண்டியது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசு என்றால் எனக்கு வாயே திறக்காது, அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

இது நடந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழைக்காலம் தொடங்குகிற நேரம். டயகமவுக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் ஒரு மைல் ஏறினால் எங்கள் லயம், ஒரே கூரையின் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டின காம்பரா வீடுகள். மகள் கொழும்பில் ஒரு கடையில் வேலை. வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான்.

தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டின மலையில் விறகு பொறுக்கப் போனவருக்கு, வெட்டி விட்ட கூரான தேயிலை வாதுக் குச்சி ஒன்று செருப்பைத் தாண்டிப் பாதத்தில் குத்திவிட்டது. அவருக்குச் சீனி வியாதி. காலில் வலி அவ்வளவாகத் தெரியாது. மஞ்சளை அரைத்துப் பூசினோம், மேலே தோல் மூடிக்கொண்டது, சரி ஆறிவிட்டது என்று விட்டுவிட்டோம். ஒரு மாசம் கழித்துப் பாதம் வீங்கி, காய்ச்சல் வந்து, ஒரு மாதிரி நாற்றமும் வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கிருமி எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார். ஆறு கிழமைக்கு, நாற்பத்திரண்டு நாளும், ஒன்றுகூட விடாமல் ஊசி மருந்து ஏற்ற வேண்டும். எலும்பிலிருக்கும் கிருமி சாகாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும். அதைக் கேட்டதும் அவர் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

ரெண்டு கிழமை வார்டில் இருந்தார். மருந்து உடம்புக்கு ஒத்துக்கொண்டது. காய்ச்சலும் இறங்கியது. அதற்கு மேல் அவரைக் கட்டிப்போட முடியவில்லை. "என்னை வீட்டுக்கு விடுங்க, இல்லாட்டி நானே போயிருவேன்" என்று தினமும் சண்டை. மீதி நாலு கிழமைக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போகலாம் என்றால், அந்தக் காலோடு போக வர ஆறு மணி நேரம். டாக்டர் யோசித்தார். மேல் கையில் மெல்லிசாக ஒரு குழாயை வைத்துவிட்டால் வீட்டிலேயே அதன் வழியாக மருந்து ஏற்றலாமாம். எல்லாருக்கும் அப்படி விடுவதில்லையாம். வீட்டில் பொறுப்பாகச் செய்கிற ஆள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

இவர் பெருமையாக என்னைக் கை காட்டினார். எனக்குக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அந்த வார்டில் ஒரு மிஸ்ஸி இருந்தார். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். சிங்களப் பிள்ளை, ஆனால் எங்கள் ஆட்களோடு பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். ஏழு நாள் என்னைப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கினார். முதல் நாள், "அம்மா, கையைக் காட்டுங்க" என்றார். நான் சேலை முந்தானைக்குள் மறைத்தேன். நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளின கை. விரல் வெடிப்பெல்லாம் கறுப்பு, எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அழுக்குக் கை என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

மிஸ்ஸி என் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "இது கறை அம்மா, அழுக்கு இல்ல. கறை ஒண்ணும் செய்யாது. நகத்தை ஒட்ட வெட்டுங்க, சவுக்காரம் போட்டு நான் சொல்ற மாதிரி கழுவுங்க. போதும்."

மருந்துப் புட்டியின் ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும், துடைத்த பிறகு விரல் படக்கூடாது. அவர்கள் கொடுத்த ஊசித் தண்ணீரை உள்ளே விட்டுத் தூளைக் கரைக்க வேண்டும். ஊசியை மேசையில் வைக்கக்கூடாது. குழாயின் வாயையும் நன்றாகத் தேய்த்துத் துடைத்து, காயவிட வேண்டும். முதலில் சேலைன் கொஞ்சம், பிறகு மருந்து மெதுவாக, பிறகு திரும்பவும் சேலைன். ஒரு துளி காற்று உள்ளே போகக்கூடாது. எனக்குப் படித்து ஞாபகம் வைக்க வராது என்பதால், ஒரு கொப்பியில் ஒவ்வொன்றையும் படமாக வரைந்துகொண்டேன். புட்டி என்று நான் வரைந்ததைப் பார்த்து மிஸ்ஸி பூசணிக்காயா என்று கேட்டுச் சிரித்தார். ஆனால் மூணாம் நாளே என் விரல் பழகிவிட்டது. ரெண்டு இலையும் ஒரு குருத்தும் தவிர வேறு எதிலும் படாமல் கிள்ளுகிற விரல்தானே. தொடக்கூடாததைத் தொடாமல் இருப்பது எங்களுக்குப் புதிதில்லை.

வீட்டுக்கு வந்தோம். திங்கட்கிழமை தோறும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்றி, அடுத்த கிழமைக்கு மருந்து வாங்கி வர வேண்டும். பாவித்த ஊசியெல்லாம் மூடி போட்ட போத்தலில் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காய்ச்சல் வந்தால், கை வீங்கினால், உடம்பு தடித்தால், மூச்சு இழுத்தால் ஒரு நிமிஷமும் நிற்காமல் கிளம்ப வேண்டும்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு மருந்து ஏற்ற உட்கார்ந்தபோது லயமே வாசலில் கூடிவிட்டது. பக்கத்துக் காம்பரா அக்கா உள்ளேயே வந்துவிட்டது. "ஏன்டி, கொழுந்து கிள்ளுற கைக்கு டாக்டர் வேலை கேக்குதா?" என்று கேட்டது. என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "விடுக்கா, நாப்பது வருஷமா வாயால குத்தினா, இப்ப ஊசியால குத்தப் போறா" என்றார். எல்லாருக்கும் சிரிப்பு. நான் எழுந்து போய், "எல்லாரும் வெளிய இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். லயத்தில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. நான் அப்படிச் செய்ததை அக்கா ரெண்டு நாள் பேசிக்கொண்டிருந்தது.

முதல் கிழமை நல்லபடியாகப் போனது. காயத்தின் உள்ளேயிருந்து புதுச் சதை சிவந்து வர ஆரம்பித்தது. எனக்கும் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் தப்புச் செய்தேன்.

ரெண்டாவது கிழமை மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவரெல்லாம் வேர்த்து வழியும். உப்பு தண்ணீராகும், நெருப்புப் பெட்டி நமுத்துப் போகும், மாப்பால் தூள் கட்டி பிடிக்கும். அதனால் நனையக்கூடாததை எல்லாம் அடுப்புக்கு மேலே கட்டியிருக்கிற பரணில்தான் வைப்போம். உப்பு டப்பா, நெருப்புப் பெட்டி, விதை மிளகாய், பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் அங்கேதான். ஊசி மருந்தும் புட்டிக்குள் தூளாகத்தானே இருக்கிறது, கட்டியாகிவிடுமே என்று பயந்து, கண்ணாடி அலமாரியில் இருந்த பெட்டியை எடுத்துப் பரணில் வைத்தேன். சூடு படாமல், வெளிச்சம் படாமல் வையுங்கள் என்று மிஸ்ஸி சொன்னது காதில்தான் இருந்தது. ஆனால் இந்தக் குளிர் நாட்டில் சூட்டுக்கு யார் பயப்படுகிறோம்? மருந்துக்கு நல்ல இடம் கொடுத்துவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு. துணி காய, விறகு காய என்று அந்த மழையில் அடுப்பு காலையிலிருந்து ராத்திரி வரை எரிந்துகொண்டே இருந்தது.

மூணு நாள் போயிருக்கும். வழக்கம் போலக் கை கழுவி, மூடியைத் துடைத்து, மருந்தைக் கலக்கினேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எப்போதும் அதே தேயிலையில் ரெண்டாம் தரம் ஊற்றின சாயத்தண்ணி போல வெளிறிய மஞ்சளாக இருக்கும். அன்றைக்கு நல்ல கடுஞ்சாயம். அடியில் பொடிப் பொடியாக ஏதோ கரையாமல் நின்றது.

"என்னா, பார்த்துக்கிட்டே நிக்கிற?" என்றார் இவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு.

"சாயம் ஏறிப் போச்சுங்க."

"மருந்து என்ன தேத்தண்ணியா, சாயம் பார்க்க? போடு புள்ள, நேரமாகுது."

கதவுக்கு வெளியே இருந்தே அக்கா குரல் கொடுத்தது. "ஆஸ்பத்திரியில குடுத்தது கெட்டுப் போகுமாடி? ஒரு நாள் விட்டாலும் பூச்சி பெருகிரும்னு நீதானே சொன்ன!"

அதுதான் என்னையும் குத்தியது. ஏற்றாவிட்டால் நாள் தவறும், கால் போகும். ஏற்றினால் என்ன ஆகும் என்று தெரியாது. புட்டி என் கையில் இருக்கிறது, அவர் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். கடைசியில் புட்டியை மேசையில் வைத்துவிட்டு, "இன்னைக்கு இத ஏத்த மாட்டேன்" என்றேன். அவர் சொல்லை மீறி நான் பேசினது கல்யாணம் முடித்த நாளிலிருந்து அதுதான் முதல் தரமோ என்னவோ. அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

எங்கள் லயத்தில் போன் எடுக்காது, சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டுக்கு ஏற வேண்டும். மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினேன். யாருக்கும் நானாகப் போன் எடுத்துப் பழக்கமில்லை, மகள்தான் எடுப்பாள். ஏறும்போதே, மருந்து அலமாரியில் இருந்தது, தானாகக் கெட்டுப் போச்சு என்று சொல்லிவிடலாமா என்று மனசு சொன்னது. நான்தான் கெடுத்தேன் என்று தெரிந்தால் இனி வீட்டில் செய்ய விட மாட்டார்கள். வார்டில் படுக்க வைத்தால் இவர் ஓடி வந்துவிடுவார். அதோடு கால் முடிந்தது.

கொப்பியில் எழுதிக் கொடுத்திருந்த வார்டு நம்பரை அழுத்தினேன், மிஸ்ஸிதான் எடுத்தார். நிறம் மாறின கதையைச் சொன்னேன். "எங்க வச்சிருந்தீங்க அம்மா?" என்று கேட்டார்.

வாய் வரைக்கும் வந்த பொய்யை விழுங்கிவிட்டு, "அடுப்புக்கு மேல மிஸ்ஸி" என்றேன்.

மிஸ்ஸி மெதுவாக, "ஏத்தினீங்களா?" என்றார்.

"இல்ல மிஸ்ஸி. கலக்கினதோட நிறுத்திட்டேன்."

"அப்பாடா!" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு உயிர் வந்தது. "அதுதான் சரி அம்மா. பரண்ல இருந்த எதையும் ஏத்த வேணாம். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் இப்பவே வாங்க. பின்னேரம் ஏத்தினாலும் இன்னைய நாள் தவறாது."

பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்துப் போனோம். டாக்டர் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கு இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருந்தது. முந்தின நாளும் நிறம் கொஞ்சம் கூடித்தான் இருந்ததோ என்று சந்தேகம். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் அதையும் சொல்லிவிட்டேன். உடனே இவரைச் சோதித்து, ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது.

பிறகு டாக்டர் மிஸ்ஸியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்குப் பாதி விளங்கியது. இந்த அம்மாவை நம்பி இனியும் வீட்டுக்கு விடலாமா என்பதுதான் பேச்சு. மிஸ்ஸி என் பக்கம் திரும்பி, "அம்மா, இன்னைய மருந்தை நீங்களே இங்க ஏத்திக் காட்டுங்க" என்றார். டாக்டர், மிஸ்ஸி, பழக வந்த ரெண்டு சின்ன மிஸ்ஸிகள், பக்கத்துக் கட்டில் ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் வாழ்க்கையில் அத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை. போய்க் கை கழுவினேன். புட்டியைக் கையில் எடுத்த பிறகு யாரையும் பார்க்கவில்லை. துடைத்தேன், காயவிட்டேன், கலக்கினேன். ஊசியில் இழுக்கும் முன் புட்டியை ஜன்னலுக்கு நேரே தூக்கி, நிறம் பார்த்து, அடியில் எதுவும் நிற்கிறதா என்று பார்த்து, பிறகுதான் இழுத்தேன். மெதுவாக ஏற்றி முடித்தேன். ஒரு சொட்டும் கீழே சிந்தவில்லை.

டாக்டர் தலையை ஆட்டி, "ஹரி, கெதர யன்ன" என்றார். சரி, வீட்டுக்குப் போங்க என்று அர்த்தம். இவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு சின்ன மிஸ்ஸிகளைப் பார்த்து, "எங்க வீட்டு டாக்டரம்மாவ நல்லா பார்த்துக்கங்க" என்றார். அப்போது அவர் குரலில் கேலி இருந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

புது மருந்தோடு, இறுக்கி மூடுகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்தார்கள். அதை அடுப்புக்கும் ஜன்னலுக்கும் தூரமான மூலையில் வைத்தேன். ஈரமும் ஏறவில்லை, சூடும் படவில்லை. மீதி நாளில் ஒரு நாள்கூட நான் தவறவிடவில்லை. கடைசித் திங்கட்கிழமை படம் எடுத்துப் பார்த்து, எலும்பு தேறிவிட்டது, கால் தப்பியது என்று சொல்லிக் குழாயைக் கழற்றினார்கள். அன்றைக்கு அவர் ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து அந்த ஒரு மைலையும் தடியை ஊன்றி ஏறினார். லயத்து ஆட்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா தன் வீட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காரச் சொல்லி வாசலில் போட்டது. எனக்குத்தான் போட்டது, அவருக்கு இல்லை.

இப்போது அந்த மிஸ்ஸி, ஊசி மருந்தோடு வீட்டுக்குப் போகிறவர்களிடம் முதலில் அடுப்புப் பரணைப் பற்றித்தான் கேட்கிறாராம். கிளினிக்குக்குப் போனபோது அவரே சொன்னார். என் தப்பு நாலு பேருக்கு உதவுகிறது என்று நினைக்க எனக்கு வெட்கமும் வருகிறது, சந்தோஷமும் வருகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக ஊசி போடப் பார்க்காதீர்கள். என்னை ஏழு நாள் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் விட்டார்கள். மருந்தின் பெயரும் அளவும் எனக்குச் சரியாக எழுதத் தெரியாது, அதனால் எழுதவில்லை. துடைக்கிற முறை, ஏற்றுகிற முறை இதிலெல்லாம் நான் ஏதாவது மறந்து பிழையாக எழுதியிருந்தால், விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திப் போடுங்கள். முன்பெல்லாம் இப்படிக் கேட்கக் கூச்சப்படுவேன், அந்த மழையில் மேட்டுக்கு ஏறின நாளிலிருந்து கூச்சம் இல்லை.