ஜன்னலில் ஒட்டிய மாப்பிள்ளை

வீட்டு ஜன்னலின் உள்பக்க மரத்துக்கு என்ன பூசினால் நல்லது என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். எதைப் பூசக் கூடாது என்று வேண்டுமானால் சொல்கிறேன் — அதில் எனக்கு அனுபவம் உண்டு!

இங்கே ஜப்பான்காரன் ஆண்ட யுத்த காலம். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ். நான், என் கணவர், அவருடைய தங்கை லெட்சுமி — மூன்றே பேர். சண்டை தொடங்கியபோது, குண்டு போடும் விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாதென்று ஜன்னலின் உள்பக்கம் முழுக்கத் தார் பூசியிருந்தோம். கண்ணாடி, சட்டம், கதவு... எதையும் விடவில்லை. பட்டப்பகலிலும் வீடு இருட்டு.

வயசுப் பெண் இருக்கும் வீட்டில் அப்போது யாருக்குத் தூக்கம் வந்தது? தெருவில் ஜப்பான் சிப்பாய்களின் பூட்ஸ் சத்தம் கேட்டாலே லெட்சுமியைச் சமையலறைக்குள் தள்ளிவிடுவோம். சீக்கிரம் கல்யாணத்தை முடித்துவிட வேண்டுமென்று என் கணவர் தவித்தார். இரண்டு வீட்டார் வந்து பார்த்தார்கள். "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். அடுத்துக் கிள்ளானிலிருந்து ஒரு வரன். பரமசிவம், ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வருவதாகத் தகவல்.

"இந்த இருட்டுல பொண்ணு முகம் எங்க தெரியப்போவுது?" என்றேன். நானும் லெட்சுமியும் உடைந்த கண்ணாடித் துண்டால் தாரைச் சுரண்டினோம். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். வெளிச்சம் வந்தது. மரம்தான் வெளிறிப்போய், பார்க்கச் சகிக்கவில்லை.

வார்னிஷுக்கு எங்கே போவது? சமையலுக்கு வைத்திருந்த சிவப்புப் பாமாயிலை என் கணவர் எடுத்தார்.

"என்னங்க, அது காயுமா?"

"எண்ணெய்னா எல்லாம் எண்ணெய்தான். நீ சும்மா இரு லா!"

பூசியதும் பளபளவென்று இருந்தது. ஞாயிறன்றும் அதே பளபளப்பு... காயவே இல்லை!

மாப்பிள்ளை வந்தார். வெள்ளைச் சட்டை. வெயிலில் வந்த களைப்பில், காற்றாட ஜன்னலில் சாய்ந்துகொண்டார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் முதுகில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பட்டை.

"ஐயோ, இருந்தது இந்த ஒரு நல்ல சட்டைதானே!" என்றார் அவருடைய அம்மா.

துணியே கிடைக்காத காலம். இந்த வரனும் போச்சு என்று நினைத்தேன்.

மரவள்ளிக்கிழங்குத் தட்டோடு வந்தாள் லெட்சுமி. தலையைக் குனிந்து தட்டை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"கழட்டிக் குடுங்க. ஊறிப்போச்சுன்னா கறை போகாது."

அவர் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்தார்! சவுக்காரமும் கிடையாது. பின்னால் குழாயடியில் சாம்பல் தண்ணீரில் போட்டு அவள் கசக்க, என் கணவரின் துண்டைப் போர்த்திக்கொண்டு அவரும் பின்னாலேயே போனார்.

"நான் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா?"

"பிடிங்க. ரொம்ப முறுக்காதீங்க, கிழிஞ்சிரும்."

இருவரும் சிரிப்பது உள்ளே எங்களுக்குக் கேட்டது. அவருடைய அம்மா கிழங்கைத் தின்றபடி கேட்காத மாதிரி இருந்தார்.

கறை முழுசாகப் போகவில்லை. ஈரச் சட்டையோடு கிளம்பினார்கள். அவர்களும் "சொல்லி அனுப்புறோம்" என்றுதான் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க என் கணவர் ஜன்னலை முறைத்துக்கொண்டே திரிந்தார்.

அடுத்த ஞாயிறு, பரமசிவம் தனியாக வந்து நின்றார். கையில் ஒரு போத்தல்.

"ரப்பர் விதை எண்ணெய் அண்ணே. தோட்டத்துல ஆட்டுனது. பழசத் துடைச்சிட்டு இத மெல்லிசாப் பூசுங்க. மிச்சத்தத் துணியால எடுத்துருங்க. இது காயும்."

"சரி தம்பி... பொண்ணு விஷயம்?" போத்தலை வாங்கிக்கொண்டே கேட்டார் என் கணவர்.

"கல்யாணத்துக்கு வர்றவங்க நாலு பேரு இதுல சாயுவாங்கல்ல அண்ணே? அதுக்குத்தான் கொண்டாந்தேன்."

அன்றே ஜன்னலைத் துடைக்க உட்கார்ந்தோம். முதலில் துணியை எடுத்தது யார் என்கிறீர்கள்? கல்யாணப் பெண்தான்!