மூடி திறந்த கூழ்க் கிண்ணம்

போன சனிக்கிழமை இங்கே அமெரிக்காவில், டப்ளின் சந்தையில் பெரணிக் கொழுந்து விற்றார்கள். தொட்டதும் சுருளுகிற மரவட்டை மாதிரி இருக்கும். ஒரு கை அள்ளி வந்தேன். வெந்நீரில் போட்டதும் எழுந்த பச்சை வாசனையில் லெய் ஆண்ட்டி ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூற்றாறில் எங்களுக்கு எதிர் அபார்ட்மென்ட். ஹவாய்க்காரர். நான் பேக்கிங் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தையை அவரிடம்தான் விடுவேன். பத்தாவது படித்த என் இங்கிலீஷைச் சிரிக்காமல் கேட்டவரும் அவர் ஒருவர்தான்.

அவர் தம்பி ஊரிலிருந்து வருகிறவர்களிடம் காட்டுப் பெரணி கொடுத்தனுப்புவார். ஆண்ட்டி அதை அவித்து, வெங்காயம் தக்காளி போட்டுப் பிசிறுவார். ஒரு கிருத்திகையன்று எங்களுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. நாங்கள் சைவம் என்று அவருக்குத் தெரியும். படைப்பதை முன்னால் ருசி பார்க்கக் கூடாதே, நானும் பார்க்கவில்லை. புதுக் கீரையாயிற்றே, முருகனும் சாப்பிடட்டும் என்று படத்துக்கு முன் வைத்துக் கற்பூரம் காட்டினேன்.

முதல் வாய் என் வீட்டுக்காரர்தான். வாயிலிருந்து எதையோ எடுத்துத் தட்டோரம் வைத்தார். காய்ந்த இறால்.

"இதையா சாமிக்கு வச்ச?"

"தெரியாதுங்க."

"இனிமே புள்ள அங்க போக வேணாம். நீ வேலைய விட்டுரு."

அதைச் சொல்லவே சாயங்காலம் எதிர்வீட்டுக்குப் போனோம். குழந்தை ஆண்ட்டியிடம் தாவிவிட்டாள். இவர் பேச வாயெடுத்தார். ஆண்ட்டிக்கு இவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மேசையில் இருந்த மரக்கிண்ணத்தின் மூடியை எடுத்து வைத்தார். உள்ளே சேப்பங்கிழங்கை இடித்துக் கரைத்த கூழ்.

நான் இவர் காதில் சொன்னேன்: "இது தொறந்திருந்தா கோவமா பேசக் கூடாதாம். அவங்க மூதாதையே இதுல இருக்காராம்."

இவர் கூழைப் பார்த்தார். சாமி காரியத்தில் இவர் யார் வீட்டு வழக்கத்தையும் மீறமாட்டார். உட்கார்ந்தார். இரண்டு விரலால் வழித்துத் தின்றார். "பழங்கஞ்சி மாதிரி புளிக்குது. சின்ன வெங்காயம்தான் இல்ல."

பிறகு நான் மெதுவாக இறாலைப் பற்றிச் சொன்னேன். "மீட் போடலையே! வாசனைக்கு ஒரு பிடி..." என்ற ஆண்ட்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் குளித்துவிட்டு வந்து, முருகன் படத்துக்கு முன் நின்று, "ஸாரி, சார்" என்றார். இவரே சிரித்துவிட்டார். திங்கட்கிழமை குழந்தை வழக்கம்போல அங்கேதான் போனாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் குழம்புச் சட்டி திறந்திருந்தால் சண்டை கிடையாது. அவசரத்துக்கு நானே ஓடிப்போய் மூடியைத் திறந்ததுண்டு.

ஆண்ட்டி ஊருக்கே திரும்பிவிட்டார். என் மகள் டெக்ஸாஸில். இவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. சனிக்கிழமை பெரணியைப் படைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். சட்டி திறந்தேதான் கிடந்தது. கோபப்பட ஆளில்லை.